ஒத்திகைக்கு அழைக்கப்படாத அறை

சரியாகப் பதினொரு மணிக்கு சைரன் ஊதியது. மருத்துவமனை வாசலில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் அடுத்தடுத்து வந்து நின்றன. ஸ்ட்ரெச்சரில் இறக்கப்பட்டவர்கள் எல்லாரும் நர்சிங் கல்லூரிப் பிள்ளைகள். நெற்றியில் குங்குமத்தைக் கரைத்துப் பூசிய ரத்தம், மணிக்கட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை ரிப்பன். ஒரு பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ மயக்கமா இருக்கணும்மா, சிரிக்கக் கூடாது" என்று சிஸ்டர் அதட்டினார். சிவப்பு ரிப்பன்காரர்களை ஒரு பக்கம், பச்சையை இன்னொரு பக்கம் எனப் பிரித்து, சலைன் பாட்டில் தொங்கவிட்டு, இருபது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அதிகாரிகள் கைகுலுக்கிக்கொண்டார்கள். குழுப்படம் எடுத்தார்கள். அடிபட்டவர்கள் எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் தரைத்தளத்தின் கடைசிக்கு நடந்தேன். 'நுண்கதிர்ப் பிரிவு' என்று பலகை தொங்கும் இடம். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வழிகாட்ட ஆள் கிடைக்காது, எக்ஸ்ரே ரூம் என்றால்தான் கை நீட்டுவார்கள். உள்ளே இருபது வருட அனுபவமுள்ள டெக்னீஷியன் ஒருவர், ஒரு பாட்டியின் முழங்காலைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஒத்திகை எப்படிப் போனது என்று கேட்டேன்.

"டிரில்லா? இன்னைக்கா? சைரன் கேட்டுச்சு சார். ஏதோ டெஸ்ட் பண்றாங்கன்னு நெனச்சேன். எங்களுக்கு யாரும் சொல்லல."

நிஜமாகவே ஒரு பஸ் கவிழ்ந்து முப்பது பேர் வந்திருந்தால், அதில் பாதிப் பேராவது முதல் ஒரு மணி நேரத்துக்குள் இவருடைய கதவுக்கு முன்னால் கிடந்திருப்பார்கள். எலும்பு முறிந்ததா, நுரையீரல் சுருங்கியதா, மண்டைக்குள் ரத்தக்கசிவா, வயிற்றுக்குள் ரத்தமா என்று இங்கே வந்து பார்க்காமல் அறுவை அரங்கத்துக்குள் அனுப்புவது அபூர்வம். ஆனால் நம் ஊர்ப் பேரிடர்த் திட்டங்கள் கேஸ்வால்டி வாசலில் தொடங்கி கேஸ்வால்டி வாசலிலேயே முடிந்துவிடுகின்றன. மருந்து, படுக்கை, ஆக்ஸிஜன், ரத்தம் எல்லாவற்றுக்கும் அதில் பக்கம் உண்டு. ஸ்கேன் அறையை ஃபேன், லைட் போலக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் ஓடும் என்ற நம்பிக்கை.

தண்ணீர் முதலில் வரும் இடம்

ஸ்கேன் அறைகள் பெரும்பாலும் தரைத்தளத்திலோ அதற்கும் கீழேயோ இருப்பதற்குக் காரணம் உண்டு. முதல் காரணம் எடை. எம்.ஆர்.ஐ. காந்தம் மட்டுமே ஏறத்தாழ ஒரு வளர்ந்த யானையின் கனம். மாடியில் வைத்தால் தளத்தைத் தனியாகப் பலப்படுத்த வேண்டும். இயந்திரத்தை உள்ளே கொண்டுவர கிரேன் வேண்டும், சுவரை உடைக்க வேண்டும். கதிர்வீச்சு கசியாமலிருக்கச் சுவர்களைத் தடிமனாகக் கட்டுகிறார்கள். அடியில் வெறும் மண் என்றால் கீழ்ப்பக்கத்துக்கு மறைப்புச் செலவு மிச்சம். கட்டியவர்கள் யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனால் மழை வெள்ளம் ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்தால் முதலில் போய்ச் சேர்கிற இடமும் அதுதான்.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. மறுநாள் மணப்பாக்கத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குள் தண்ணீர் ஏறி, மின்சாரம் போனது. அங்கே ஐ.சி.யூ.வில் இருந்த 18 பேர் இறந்ததாக வந்த செய்தியும், அதற்கு மின்வெட்டுதான் காரணமா என்று நடந்த வாக்குவாதமும் பலருக்கு நினைவிருக்கும். எட்டு வருடம் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கே பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணிக்கரை ஊர்கள் தீவுகளாயின. அந்த மாதிரி நாட்களில் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் யார்? சுவர் இடிந்து விழுந்தவர்கள், வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்கள், மூச்சுத் திணறலோடு வருகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் படம் எடுத்தாக வேண்டும்.

நம்மைவிட வசதியுள்ள ஊர்களும் இதில் தப்பவில்லை. 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, ஈஸ்ட் ரிவர் ஓரத்தில் இருந்த என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனையின் அடித்தளத்துக்குள் கடல்நீர் பாய்ந்து, மின்சாரம் போனது. 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை அந்த இருட்டில் படிக்கட்டு வழியாகவே இறக்கினார்கள். அதில் 20 பேர் பச்சிளங்குழந்தைகள். நர்ஸ்கள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, கையால் காற்றுப் பையை அழுத்தியபடி மாடி மாடியாக இறங்கிய காட்சி உலகம் முழுக்கப் போனது. அவ்வளவாக யாரும் பேசாதது, கீழ்த்தளத்தில் உப்புத் தண்ணீரில் மூழ்கிய எம்.ஆர்.ஐ. இயந்திரங்களும் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டரும். புயல் போன பிறகு கட்டடத்தைக் கழுவி, படுக்கையை மாற்றி, நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்கேனரைக் கழுவ முடியாது. அந்த மருத்துவமனையின் சீரமைப்புக்கும் பாதுகாப்புக்கும் அமெரிக்க அரசு பிறகு ஒதுக்கிய தொகை 113 கோடி டாலர்.

பக்கத்திலேயே இருக்கும் பெல்வியூ மருத்துவமனையில் இன்னொரு வேடிக்கை. ஜெனரேட்டரை முன்யோசனையோடு 13-வது மாடியில் வைத்திருந்தார்கள். அதற்கு டீசல் ஏற்றும் பம்ப் அடித்தளத்தில் இருந்தது. பம்ப் மூழ்கியதும், ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றி எண்ணெய்க் கேன்களை மேலே ஏற்றினார்கள். ஜெனரேட்டரை உயரத்தில் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் நம் ஊர் நிர்வாகிகள், டீசல் டேங்கும் சேஞ்ச்-ஓவர் பேனலும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

டெக்னீஷியனிடம் இதைச் சொன்னபோது, தான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையின் கதையைச் சொன்னார். ஒரு நவம்பர் மழையில் வாசலுக்கு மணல் மூட்டை அடுக்கிக் காவல் இருந்திருக்கிறார்கள். "தண்ணி கதவு வழியா வரவே இல்ல சார். டிரெஞ்ச் வழியா வந்துச்சு." சி.டி. இயந்திரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே கேபிள்கள் தரைக்கு அடியில் வெட்டிய கால்வாயில் ஓடுகின்றன. வெளியே இருந்து மின்கம்பி வரும் ஓட்டையை யாரும் அடைத்திருக்கவில்லை. தரை காய்ந்துதான் இருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கேபிள்கள் நீந்திக்கொண்டிருந்தன. அந்த ஓட்டையை அடைக்கக் கொஞ்சம் ரசாயனப் பூச்சும் கொத்தனாருக்கு ஒரு நாள் கூலியும் போதும். அது இல்லாததால் ஒன்றரை மாதம் சி.டி. நின்றது.

மழை எச்சரிக்கை வந்ததும் எதை முதலில் மேலே ஏற்றுவது என்று கேட்டால் பலரும் விலை அதிகமானதைத்தான் நினைப்பார்கள். எம்.ஆர்.ஐ.யை எங்கேயும் ஏற்ற முடியாது. ஏற்ற வேண்டியவை சக்கரம் வைத்த எளியவை: போர்ட்டபிள் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், அவற்றுக்கான கேசட்டும் ஜெல்லும். கரண்ட் போனாலும் பேட்டரியில் சற்று நேரம் உழைக்கக்கூடியவை இவைதான். அடிபட்டவரின் வயிற்றில், இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் ஓரிரு நிமிடத்தில் சொல்லிவிடும். லிஃப்ட் ஓடும்போதே இவற்றை முதல் மாடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். லிஃப்ட் நின்ற பிறகு அந்த எக்ஸ்ரே வண்டியைப் படியில் தூக்க எட்டுப் பேர் வேண்டும்.

அணையாத காந்தம்

எக்ஸ்ரே, சி.டி. இரண்டும் சுவிட்சை அணைத்தால் வெறும் இரும்புப் பெட்டிகள். அவற்றிலிருந்து ஒரு துளிக் கதிரும் வராது. 'கதிரியக்க ஆபத்து' பலகையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே தயங்கி நிற்கும் தீயணைப்பு வீரருக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவர் தயங்க வேண்டிய கதவு பக்கத்து அறையுடையது.

எம்.ஆர்.ஐ. காந்தம் இரவு பகல், ஞாயிறு, தீபாவளி எதுவும் பார்க்காமல் இயங்கிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் முடிந்து விளக்கை அணைத்து, அறையைப் பூட்டிவிட்டுப் போனாலும் காந்தம் விழித்தே இருக்கிறது. கட்டடத்துக்கே கரண்ட் போனாலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. அந்தக் குளிரில் அதில் ஓடும் மின்சாரத்துக்குத் தடையே கிடையாது. 1.5 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு.

இதை அறியாதவர் ஓர் இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போனால் என்னவாகும் என்பதை 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் பார்த்தோம். உறவினருக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர், சிலிண்டரைப் பிடித்தபடி அறைக்குள் நுழைந்தார். காந்தம் சிலிண்டரோடு சேர்த்து அவரையும் இழுத்தது. உயிர் தப்பவில்லை. அமெரிக்காவில் 2001 ஜூலையில் நியூயார்க்கை அடுத்த ஒரு மருத்துவமனையில், ஸ்கேனுக்குள் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன் இதேபோல் பறந்து வந்த சிலிண்டரால் இறந்தான். அதன் பிறகுதான் அமெரிக்கக் கதிரியக்கவியல் மருத்துவர்களின் அமைப்பு, எம்.ஆர்.ஐ. பகுதியை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, யார் எதுவரை வரலாம் என்று விதிகளை வகுத்தது.

இரண்டும் சாதாரண நாளில் நடந்தவை. பேரிடர் நாளில் அந்தக் கதவைத் தாண்டத் துடிக்கிறவர்கள் இன்னும் அதிகம். தீயணைப்பு வீரரின் முதுகில் இருப்பது சிலிண்டர், இடுப்பில் கோடரி. ஸ்ட்ரெச்சர் இரும்பு. மீட்புக்கு ஓடி வரும் காவலரிடம் துப்பாக்கி. நோயாளிக்கு உள்ளே இதயத்துடிப்பு நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தியபடியே வெளியே இழுத்து வந்துதான் மற்ற சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பது விதி. ஏனென்றால் பதற்றத்தில் ஓடி வரும் நாலு பேரின் பையில் கத்தரிக்கோல் இருக்கும்.

அப்படியானால் அறைக்குள்ளேயே தீப்பிடித்தால்? காந்தத்தை வேண்டுமென்றே சாகடிக்க ஒரு பொத்தான் உண்டு. 'குவென்ச்' என்பார்கள். அழுத்தினால் ஹீலியம் கொதித்து ஆவியாகி, கூரை வழியாகப் போகும் குழாயில் இரைச்சலோடு வெளியேறும். காந்தம் முற்றிலும் தணிய ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் ஆவியானால் 700 லிட்டருக்கும் மேல் விரிகிறது. பழைய இயந்திரங்களில் ஆயிரம் லிட்டருக்கு மேலேயே இருக்கும். கூரையில் குழாய் வாயைப் பறவைக் கூடு அடைத்திருந்தாலோ, யாரோ புதிதாகத் தகரக் கொட்டகை போட்டு மறைத்திருந்தாலோ, அத்தனை வாயுவும் அறைக்குள் திரும்பும். உள்ளே ஆக்ஸிஜன் இருக்காது. கதவு உள்பக்கமாகத் திறக்கும் வகை என்றால் அந்த அழுத்தத்தில் திறக்கவும் முடியாது. மறுபடி ஹீலியம் நிரப்பிக் காந்தத்தை எழுப்பும் செலவு பல லட்சங்களில் போகும் என்பதால், பொத்தானை அழுத்தும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டால் பல இடங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நடுராத்திரி இரண்டு மணிக்கு அங்கே இருப்பவர் ஒரே ஒரு டெக்னீஷியன். 'இன்னின்ன நிலைமையில் நீயே அழுத்து, கேள்வி கேட்க மாட்டோம்' என்று எழுத்தில் கொடுக்காத வரை அவர் மேலதிகாரிக்கு போன் போட்டுக்கொண்டுதான் நிற்பார்.

தீயணைப்பு நிலையத்தாரை வருடத்துக்கு ஒருமுறை அழைத்து, காந்தம் இருக்கும் அறை எது, பொத்தான் எங்கே, காந்தம் தணிந்துவிட்டது என்று யார் சொன்ன பிறகு உள்ளே போகலாம் என்று காட்டுவதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு டீச் செலவு.

சி.டி. வாசலில் வரிசை

இப்போதைய சி.டி. இயந்திரம் ஓர் ஆளின் நெஞ்சையும் வயிற்றையும் சில விநாடிகளில் படம் பிடித்துவிடும். ஆனாலும் கூட்டம் வரும் நாளில் நெரிசல் தேங்குவது சி.டி. வாசலில்தான். நேரம் போவது ஆளைத் தூக்கி மேசையில் வைத்து, ட்யூபுகளைச் சரிசெய்து, மறுபடி இறக்குவதில். இரண்டு ஆயா, ஒரு வார்டு பாய் கூடுதலாகக் கிடைத்தால் இயந்திரத்தின் வேகம் கூடுகிறது. கோடி ரூபாய் ஸ்கேனருக்கு அன்றைக்கு உண்மையான தேவை நாலு பலமான கை.

அடுத்த தேவை 'இல்லை' என்று சொல்லக்கூடிய ஒருவர். சாதாரண நாளில் எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்ற பழக்கம் நம் டாக்டர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. பஸ் விபத்து நாளில் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும். ரத்தம் கொட்டிச் சரிந்துகொண்டிருப்பவரை ஸ்கேனுக்கு அனுப்பக் கூடாது, நேரே அறுவை அரங்கம். பச்சை ரிப்பன்காரரின் விரல் முறிவு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். படம் எடுத்தால் அடுத்த ஒரு மணி நேரச் சிகிச்சை மாறுமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு வரிசையை ஒழுங்குபடுத்த, கதவருகே ஒரு மூத்த கதிரியக்கவியல் மருத்துவர் நிற்க வேண்டும். இருட்டறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுகிறவரை எழுப்பி வெளியே கொண்டுவருவது எளிதல்ல. முழு ரிப்போர்ட்டே அன்று தேவையில்லை. திரையைப் பார்த்து இரண்டு வரி சொல்லி, அதை நோயாளியோடு போகும் தாளில் கையால் எழுதினால் போதும்.

குண்டுவெடிப்பு என்றால் இன்னொரு சிக்கல். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தபோது, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் காயமடைந்தவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வந்து குவிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் அதில் உண்டு. இத்தகைய காயங்களில் வெளியே ஒரு சிறு துளைதான் தெரியும். உள்ளே இரும்புத் துண்டு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரேதான் காட்டும். தப்பித்தவறி அவர்களை எம்.ஆர்.ஐ. பக்கம் அனுப்பிவிடக் கூடாது. உடம்புக்குள் இருக்கும் இரும்பையும் காந்தம் விடாது.

இன்னொன்று, பெயர். அரசு மருத்துவமனையில் அடையாளம் தெரியாதவர் வந்தால் விபத்துப் பதிவேட்டில் 'அன்நோன் மேல், வயது சுமார் 40' என்று எழுதுவார்கள். ஒருவர் வந்தால் சரி. ஒரே நேரத்தில் ஏழு அன்நோன் மேல் வந்தால் யாருடைய மண்டைப் படம் யாருடைய பெயரில் ஏறும்? 'அன்நோன் மேல் 1', 'அன்நோன் மேல் 7' எல்லாம் இரைச்சலில் ஒன்றுபோலவே காதில் விழும். பனை, வேம்பு, அரசு, நாவல் என்று மரப்பெயர் எழுதிய ஐம்பது கைப்பட்டைகளை, ஒவ்வொன்றுக்கும் முன்பே ஓர் எண் கொடுத்து, கணினியிலும் ஏற்றி டப்பாவில் போட்டு வைக்கலாம் என்பது என் யோசனை. டெக்னீஷியன் சிரித்தார். "வேம்புவுக்கு மண்டை, பனைக்கு நெஞ்சுன்னு கூப்பிடலாம். நல்லாத்தான் இருக்கும் சார், குழம்பாது."

திரை இருண்டால்

2022 நவம்பர் 23 காலை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ரான்சம்வேர் தாக்கியது. ஏறத்தாழ இரண்டு வாரம் பதிவு, பரிசோதனை, ரிப்போர்ட் எல்லாம் பேனாவும் காகிதமுமாக ஓடின. அதற்கு முந்தைய வருடம் மே 14 அன்று அயர்லாந்தின் பொதுச் சுகாதாரத்துறை முழுவதுமே இப்படி முடங்கியது. நாடு முழுக்க ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் அமைப்பை டாக்டர்களால் திறக்க முடியவில்லை. தண்ணீரும் தீயும் இல்லாத பேரிடர் இது. இயந்திரம் நன்றாக இருக்கும், படமும் எடுக்கும், எடுத்ததைப் பார்க்கத்தான் வழி இருக்காது.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் இந்தப் பிரச்சினை இல்லை. ஃபிலிமைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தோம். இப்போது அந்தப் பெட்டிகளைக் காயலான்கடைக்குப் போட்டுவிட்டார்கள். எடுத்த படம் சி.டி. இயந்திரத்தின் சொந்தக் கணினியிலேயே சில நாள் தங்கும் என்பதும், நெட்வொர்க் இல்லாவிட்டாலும் டாக்டர் அங்கேயே வந்து பார்க்கலாம் என்பதும், பிரிண்டர் கேபிளை நேரடியாக இயந்திரத்தில் மாட்டி ஃபிலிம் எடுக்க முடியும் என்பதும் பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வருடத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் நெட்வொர்க்கை வேண்டுமென்றே கழற்றிவிட்டு வேலை செய்து பார்த்தால் எங்கெங்கே முட்டுகிறது என்று தெரிந்துவிடும். கையால் எழுத வேண்டிய படிவம் தீர்ந்துபோயிருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

மின்சாரத்திலும் இப்படி ஒரு சின்ன விஷயம். ஜெனரேட்டர் பத்து விநாடியில் ஓடத் தொடங்கினாலும், அந்தப் பத்து விநாடியில் சி.டி. கணினி விழுந்து, மறுபடி எழுந்து நிற்கப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. மேசையில் ஆள் படுத்திருக்கும்போது அது நீண்ட நேரம். பேட்டரி பேக்கப் வாங்கியபோது ஓடிய நிமிடங்களை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்; நாலு வருடம் கழித்து அந்த பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று சோதித்தவர்கள் குறைவு.

கதிர் உள்ள அறை

அணைத்தாலும் கதிர் வீசுகிற பொருள்கள் இருக்கும் இடம் அணுமருத்துவப் பிரிவும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவும். அணுமருத்துவ ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீஷியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டு நாள் பூட்டி வைத்தால் தொல்லை இல்லை. தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் அயோடின்-131 பாதியாக எட்டு நாள் ஆகும். அந்த நோயாளிகளின் கழிவுநீரைத் தேக்கித் தணிய வைக்கும் தொட்டிகளுக்குள் வெள்ளம் புகுந்தால் கலந்து வெளியேறிவிடும். எந்த அலமாரியில் எந்தப் பொருள், இன்றைக்கு எவ்வளவு என்ற பட்டியல், பூட்டிய அறைக்கு வெளியே ஒரு பிரதியாவது இருக்க வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமத்தோடு இயங்கும் பிரிவுகளில் இதற்கென்றே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் உண்டு. அவருடைய செல்போன் எண் செக்யூரிட்டி அறையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையத்தில் விட்டுப்போன இயந்திரத்தைப் பழைய இரும்புக்காக இருவர் கழற்றினார்கள். உள்ளே சீசியம்-137. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தப் பொடியைத் தொட்டுக் குழந்தைகளும் விளையாடினார்கள். நாலு பேர் இறந்தார்கள், 249 பேர் உடம்பில் கதிரியக்கம் ஒட்டியிருந்தது. பயந்துபோன ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஸ்டேடியத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிக்க வேண்டியிருந்தது. டெல்லி மாயாபுரியில் 2010-இல் நம் காயலான்கடைக்கே கோபால்ட்-60 வந்து ஓர் உயிரைக் கொண்டுபோனது. அப்படி ஒரு நாளில் ஒரு மாவட்டத் தலைநகரில் கதிரை அளக்கும் கருவியும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் மருத்துவமனையின் இந்த மூலையில்தான் கிடைப்பார்கள். மேலாடையைக் கழற்றிப் பையில் கட்டினாலே ஒட்டிய பொடியில் பெரும்பகுதி போய்விடும் என்பதையும், உயிருக்குப் போராடுகிறவருக்கு முதலில் சிகிச்சை, கழுவுவதெல்லாம் அப்புறம் என்பதையும் கேஸ்வால்டிக்குச் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே.

புறப்படும் முன், இந்த மருத்துவமனையின் பேரிடர்த் திட்டத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். டெக்னீஷியன் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். நுண்கதிர்ப் பிரிவுக்கு அதில் ஒரு வரி: தயார் நிலையில் வைத்திருக்க வேண்டும்.

"என் திட்டம் இது" என்று அலமாரிக் கதவின் உள்பக்கத்தைத் திறந்து காட்டினார். செல்லோடேப் ஒட்டிய ஒரு காகிதம். டூட்டியில் இல்லாத டெக்னீஷியன்களின் பெயரும் எண்ணும். பதவி வரிசையிலோ அகர வரிசையிலோ இல்லை. மேலே 'நடந்து வருவாங்க' என்று மூன்று பேர். அதற்குக் கீழே 'பைக்' என்று நாலு பேர். கடைசியில் 'பஸ்' என்று ஆறு பேர். 2015-இல் பஸ்காரர்கள் யாரும் மூன்று நாள் வரவில்லை, செல்போனும் கிடைக்கவில்லை, அன்றைக்கு எழுதியதாம். அதே அலமாரியில் ஒரு டார்ச், இரண்டு மார்க்கர் பேனா, ஒரு லுங்கி, ஒரு பாக்கெட் ரஸ்க்.

பார்த்துக்கொண்டே இருந்தவர், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து 'நடந்து வருவாங்க' பட்டியலில் ஒரு பெயரை அடித்தார். "இவரு போன மாசம் தேனிக்கு மாத்தலாகிப் போயிட்டாரு. மறந்தே போச்சு." இரண்டு பேர் மிச்சம்.

வெளியே ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிட்டது. வார்டு பாய் சீட்டை நீட்டினார். அன்நோன் மேல், வயது சுமார் 40, டூ வீலர், தலையில் அடி. பேனாவை மூடிவிட்டு அவர் சி.டி. அறைக் கதவைத் திறந்தார்.